ஆராய்ச்சியும் அவசரமும்

கம்ப்யூட்டர் யந்திரங்கள் இனி மருந்துகளைத் தாமே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும், பரிசோதனைச் சாலைகளுக்கு வேலை அதிகம் இராது என்ற பேச்சு உலகெங்கும் பலமாக அடிபடுகிறது. இப்பேச்சில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அவசரம் அதிகமாக இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி டாக்டர் பிரயன் கோபில்காவின் சரித்திரத்தை அறிந்தவர் எவரும் இவ்வாறு பேசத் துணியமாட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

நமது தேகத்திலுள்ள ஒவ்வோர் உயிரணுவுக்கும் கொழுப்பாலான மெல்லிய மதில் உண்டு. அம்மதிலில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் வாயில் காப்போரைப் போல் பதிந்திருக்கின்றன. இரத்தத்தில் வரும் அட்ரினலின் உள்ளே புகுவதில்லை. வெளியே நின்று ஏற்பியைத் தொடுகிறது. தொட்ட மாத்திரத்தில் ஏற்பி உருமாறி, உட்புறத்திலுள்ள ஜி-புரதத்துக்குச் செய்தி தருகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. அமெரிக்க சர்க்காரின் அங்கீகாரம் பெற்ற மருந்துகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இவ்வினத்து ஏற்பிகளின் மூலமாகவே வேலை செய்கின்றது. ஆயினும் 1970-களின் ஆரம்பத்தில்கூட, அப்படியொரு வஸ்து உண்டா என்றே சந்தேகித்த பண்டிதர்கள் இருந்தார்கள். கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களைக் கொண்டு அதன் இருப்பிடத்தைத் தொடர்ந்து சென்றவர் டாக்டர் ராபர்ட் லெப்கோவிட்ஸ். அவரிடம் டியூக் சர்வகலாசாலையில் பயின்றவர் கோபில்கா. 1986-ல் அவர்கள் குழு அட்ரினலின் ஏற்பி ஒன்றின் மரபணுவைக் கண்டது. அந்தப் புரதம் மதிலை ஏழு தரம் ஊடுருவுகிறது. கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்ஸினும் அவ்வாறே அமைந்தது. பார்வைக்கும் படபடப்புக்கும் ஒரே குடும்பத்துப் புரதங்கள்!

1989-ல் ஸ்டான்போர்டு சென்ற கோபில்கா, ஏற்பியைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே கதிர்களால் அதன் உருவத்தையே கண்டறிவதென்று உறுதி கொண்டார். காரியம் லேசானதல்ல. அந்தப் புரதம் கிடைப்பதோ அற்பம். மதிலிலிருந்து பிரித்தெடுத்தால் குலைந்துபோகும். ஒரு நிலையில் நில்லாது ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் பொருள் படிகமாவதில்லை. வருஷங்கள் சென்றன, படிகம் வரவில்லை. அவருக்குப் பொருளுதவி செய்துவந்த பெரிய தர்ம ஸ்தாபனம் 2003-ல் கையை விரித்துவிட்டது. தர்மகர்த்தர்களுக்கும் கணக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் வேலையை விடவில்லை. ஏற்பியின் ஆடும் பகுதியை அகற்றி, உறுதியான வேறொரு புரதத்தை அங்கே பொருத்துவது போன்ற யுக்திகளால், சகாக்களுடன் 2007-ல் உருவத்தைக் கண்டார். 2011-ல் ஜி-புரதத்தோடு பிணைந்த நிலையிலேயே அதைப் பிடித்தார். மறுவருஷம் குருவும் சீடரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

யந்திரக் கணக்கு இதன் பிறகே வருகிறது. அபினி மருந்துகள் சென்று பற்றும் ஏற்பியின் உருவம் 2012-ல் வெளியாயிற்று. அதைக் கம்ப்யூட்டரில் வைத்து, முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட ரஸாயனப் பொருள்களில் எவை பொருந்தும் என்று கோபில்காவும் வேறு ஆராய்ச்சியாளரும் கணக்கிட்டார்கள். பரிசோதனைக்கு எடுத்தவை 23. உண்மையில் பற்றியவை 7. அவற்றில் ஒன்றைச் செப்பனிட்டு, நோவைத் தணித்தும் சுவாசத்தை அடக்காத மருந்துக்கு வழி கிடைத்ததென்று 2016-ல் அறிவித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. 2018-ல் வேறொரு குழுவினர், அப்பொருளும் எலிகளின் சுவாசத்தை அடக்கவே செய்கிறது என்று காட்டினார்கள். யந்திரம் பொய் சொல்லவில்லை. பூட்டுக்குள் எது நுழையும் என்று கேட்டார்கள், அது சொல்லிற்று. நுழைந்தபின் தேகம் என்ன செய்யும் என்பதை எலியைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

இவ்விஷயத்தில் சென்னைக்கும் பாத்தியதை உண்டு. ஒரு புரதத்துக்குக் கண்டறிந்த உருவம் ஏற்கத்தக்கதா என்று உலகத்தார் இன்றும் சோதித்துப் பார்க்கும் வரைபடம், ஸ்ரீ ஜி. என். ராமச்சந்திரன் சென்னை சர்வகலாசாலையில் தம் சகாக்களுடன் 1963-ல் வெளியிட்டதேயாகும். அப்போது அதற்கு மருந்துக் கம்பெனி எதுவும் விலை பேசவில்லை.

நம் தேசத்திலும் 2023-ல் பார்லிமெண்டு சட்டமியற்றி, ஆராய்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்யத் தேசிய ஸ்தாபனமொன்றை ஏற்படுத்தியிருக்கிறது. அதை நடத்துவோரை நாம் கேட்பது இதுதான்: பல வருஷம் உழைத்தும் கையில் படிகமின்றி ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், அவருடைய விண்ணப்பத்தின் மேல் என்ன எழுதுவீர்கள்?