சேரிச் சுவரில் எழுதிய கை

ஏப்ரல் 14க்கான சுவரொட்டி வேலையில் திருமானூரில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். கணினியில் உட்கார்ந்திருந்த தம்பி, தூரிகையால் எழுதியதுபோலக் கரடுமுரடாக இருக்கும் ஓர் எழுத்துருவை இறக்கி வைத்திருந்தான். “நம்ம சுவரெழுத்து மாதிரியே இருக்குண்ணே” என்றான். அப்படித்தான் இருந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால், ‘க’ வரும் இடமெல்லாம் ஒரே மூலையில் ஒரே கீறல். சுவரில் எழுதும் கை இரண்டு ‘க’வை ஒன்றுபோல எழுதாது.

அந்தக் கரடுமுரடு அழகுக்காக வந்ததல்ல. விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தலுக்கு வருவதற்கு முன்பு, பத்திரிகைகள் நம்மை எட்டிப் பார்க்காத காலத்தில், ‘அடங்க மறு’ என்பதைச் சுவர்தான் சொன்னது. எழுதியவர்களில் பலர் ஓவியர்களே இல்லை. இரவு நேரம், பூச்சு உதிர்ந்த சுவர், வாளியில் கரைத்த நீலம், யாராவது வருவதற்குள் முடித்தாக வேண்டிய அவசரம். எழுத்து கோணத்தான் செய்யும்.

எந்தச் சுவரில் எழுதலாம் என்பதே இங்கே சாதிக் கேள்விதான். திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959லேயே சட்டம் போட்டார்கள். ஊர்த்தெருவில் கட்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சுவரைப் பிடித்து வைப்பது அலங்கோலமாகத் தெரிவதில்லை. நம் எழுத்தின்மேல் மட்டும் விடிவதற்குள் சுண்ணாம்பு ஏறிவிடும். எழுத்துகூட வேண்டாம், சின்னமே போதும். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், நம் மாவட்டத்துப் பொன்பரப்பியில் பானைச் சின்னத்தை வைத்து மூண்ட தகராறில் சேரி வீடுகளை அடித்து நொறுக்கினார்கள்.

அதனால்தான் இந்த எழுத்து உணவகத்தின் விலைப்பட்டியலில் ‘கிராமிய மணம்’ காட்ட வந்து நிற்கும்போது நமக்கு எரிகிறது. எழுத்துருவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டெல்லியில் ஹனிஃப் குரேஷி தெரு ஓவியர்களின் எழுத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது ‘பெயிண்டர் கஃபீல்’ என்று எழுதியவர் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். தம்பி இறக்கிய எழுத்துருவில் யாருடைய கை இருக்கிறது? தேடினோம், எந்தப் பெயரும் இல்லை.

பயன்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று நான்கு சொல், பெரிதாக, தூரத்திலிருந்து படிக்க: அதற்குத்தான் இந்த எழுத்து. நேரம், இடம், கோரிக்கை எல்லாவற்றையும் இதில் அடித்தால் யாரும் படிக்கமாட்டார்கள். ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவைச் சாதாரண எழுத்தில் அடியுங்கள், தோழர்களே. அங்கே நம் கோபம் வாசகத்தில் இருந்தால் போதும்.

கடைசியில் தலைப்பை மட்டும் கையால் எழுதி வாங்கிப் படமெடுத்து அச்சிட முடிவானது. எழுதித் தந்தவர் நம் தெருக்காரர். ஃபிளக்ஸ் வந்தபின் பாதி நாள் வெள்ளையடிக்கப் போகிறவர். மீதி நாள் ஊர்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, அடியில் ‘கலை’ என்று தன் பெயரும் போடுவார். நம் சுவரில் இதுவரை போட்டதில்லை. இந்த முறை போடச் சொல்லிக் கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “கடைக்காரங்க பாத்தா வேலை போயிடும்பா, இப்ப வேணாம்” என்றார். சுவரொட்டியின் கீழ்மூலையில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம்.