தண்டவாளம் போட்டவர்களின் பேரனுக்கு ஒரு பொம்மை ரயில்

குழந்தைகளில் சிலருக்கு ரயிலின்மீது உண்டாகும் பிரியம் சாமானியமானதல்ல. மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை, இஞ்சின் எது, சரக்கு வண்டி எது, பிரயாணிகள் வண்டி எது என்று பிரித்துச் சொல்வதையும், தாயாரின் கைத்தொலைபேசியில் ஒரே ரயிலின் காட்சியைச் சற்றும் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதையும், சோற்றுத் தட்டின் ஓரத்தில் பயற்றங்காய்த் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் 'கூ' என்று கூவி நகர்த்துவதையும் கண்டு மகிழ்ந்த பெற்றோர் மலாக்காவின் பத்து பெரண்டாமிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் அநேகர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கித் தரவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடைக்குப் போய், பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்ததும் பேசாமல் திரும்பிவிட்டவர்களும் அவர்களில் உண்டு. இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது; கொஞ்சம் யோசனையும் கொஞ்சம் கூட்டு முயற்சியும் இருந்தால், ரயில் பிரியமுள்ள எந்தக் குழந்தையும் நம்மிடையே ரயில் இல்லாமல் வளர வேண்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கொண்டால், நாள் ஒன்றுக்குச் சுமார் 65 வெள்ளி ஆகிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பொம்மை ரயிலையும் வளையத் தண்டவாளத்தையும் ஒரு பெட்டியாகப் புதிதாய் வாங்கப் போனால் நூறு வெள்ளியை எளிதில் தாண்டிவிடும்; மின்சாரத்தில் ஓடும் மாதிரி ரயில்களோ பல நூறு வெள்ளி கேட்கும். பத்து பெரண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்த்து, உருப்பெருக்கியின் கீழ் மயிரிழை போன்ற கம்பிகளைச் சரிபார்த்துக் கண் களைத்து வீடு திரும்பும் ஒரு தாய், தன் இரண்டு நாள் உழைப்பைக் கொடுத்து ஒரு விளையாட்டுச் சாமானை வாங்குவதா என்று தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் குறைசொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

ஆயினும், மற்ற பொம்மைகளை விட்டு ரயிலை மட்டும் எடுத்துப் பேசுவதற்கு மலாக்காத் தமிழர்களுக்குப் பிரத்தியேகமான காரணம் ஒன்று உண்டு. மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் திறக்கப்பட்டது முதற்கொண்டு, காட்டை வெட்டிக் கல்லைக் கொட்டித் தண்டவாளம் பதித்தவர்களிலும், அதைக் கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் பராமரித்தவர்களிலும் தென்னிந்தியத் தமிழர்கள் பெருந்தொகையினராக இருந்தார்கள்; யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் அமர்ந்தார்கள். தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்கே ஒரு கிளைப் பாதை 1905-இல் வந்துவிட்டது. நம் பாட்டன்மார் ஏறி இறங்கிய அந்தப் பாதையை, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள்; தண்டவாளத்தோடு தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையாகித் திரும்பாமலே போய்விட்டார்கள். மலாக்கா நகரத்துக்கு ரயிலும் அதன்பின் திரும்பவில்லை. விமான நிலையத்தை மடியிலேயே வைத்திருக்கும் பத்து பெரண்டாமில் பிறந்த குழந்தை, தலைக்குமேல் விமானம் போவதைப் பார்த்து வளர்கிறது. ரயிலை நேரில் பார்க்க வேண்டுமானால் புலாவ் செபாங்குக்குப் போகவேண்டியிருக்கிறது. ரயிலோடு இவ்வளவு பந்தமுள்ள ஒரு சமூகத்தின் குழந்தை ரயிலை நேசிக்கும்போது, அந்த நேசத்துக்கு இடம் கொடுப்பது பெரியவர்களின் கடமையாகிறது.

ரயிலை நேசிக்கும் குழந்தை உண்மையில் எதை நேசிக்கிறது என்பதைக் கூர்ந்து கவனித்தால், செலவைச் சுருக்கும் வழி தானே புலப்படும். கடைக்காரர் இஞ்சினைக் காட்டி விற்கிறார்; பெற்றோரும் இஞ்சினைப் பார்த்தே வாங்குகிறார்கள். குழந்தையோ இரண்டொரு நாளில் இஞ்சினை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தண்டவாளத்தில் ஆழ்ந்துவிடுகிறது. எட்டு வளைவுத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம் வரும். அதன் நடுவே எதிரெதிராக இரண்டு நேர்த்துண்டுகளைச் செருகினால் வட்டம் நீண்டு முட்டை வடிவாகும். பாதை பிரியும் துண்டு ஒன்று கிடைத்துவிட்டால் அங்கிருந்து ஒரு கிளைப் பாதை புறப்பட்டு நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு அலமாரிக்கடியில் போய் ஒரு நிலையத்தில் முடியும். எந்தத் துண்டை எங்கே வைத்தால் பாதை மூடிக்கொள்ளும் என்று தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு யோசிக்கும் அந்த நேரத்தில், கணிதமும் பொறுமையும் கற்பனையும் குழந்தையின் மனத்தில் ஒருங்கே வேலை செய்கின்றன. ஒழுங்கிலும் வரிசையிலும் மிகுந்த நிம்மதி காணும் சுபாவமுள்ள குழந்தைகளுக்கு, ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கும்கூட, இது வெறும் பொழுதுபோக்கைக் காட்டிலும் மேலான ஆறுதலாக அமைகிறது.

ஆகவே, பணத்தை இஞ்சினில் போடாமல் தண்டவாளத்தில் போடுவதே விவேகம். அதிலும் ஒரே வகைத் தண்டவாளத்தைத் தேர்ந்துகொண்டு அதைவிட்டு மாறாதிருப்பது அவசியம். பசார் மாலாமில் பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் ரயில் பெட்டிகளின் பெருங்குறை, அவற்றின் தண்டவாளம் வேறெதனோடும் பொருந்தாது என்பதுதான். ஒரு பிறந்தநாளுக்கு ஒன்றும் தீபாவளிக்கு ஒன்றுமாக அப்படி நான்கு பெட்டிகள் சேர்ந்தால், நான்கு சிறு வட்டங்கள் இருக்குமே தவிர ஒரு பெரிய பாதை இருக்காது. ஜப்பானில் டோமி நிறுவனம் 1959-இல் ஆரம்பித்த பிளாரெயில் என்னும் நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளம், அன்று செய்த துண்டு இன்று செய்யும் துண்டோடு சேரும்படியாகவே இத்தனை காலமும் தயாரிக்கப்பட்டு வருகிறது. மர ரயிலில், சுவீடன் நாட்டுப் பிரியோ நிறுவனம் 1958 முதல் செய்துவரும் தண்டவாளத்தின் அளவையே வேறு பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. ஐக்கியா கடைகளில் விற்கும் மலிவான லில்லாபூ மர ரயிலும் அதனோடு பொருந்தும். இவ்விரண்டில் ஒன்றை வீட்டின் வகை என்று தீர்மானித்து, மாமன், சித்தி, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் சொல்லிவைத்துவிட்டால், தீபாவளி அங்பாவ் பணம் தண்டவாளத் துண்டுகளாக மாறி ஆண்டுக்கு ஆண்டு பாதை நீளும்.

இரண்டாம் கைச் சாமானை வாங்குவதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஜப்பானில் குழந்தைகள் வளர்ந்த பின் கழிக்கப்படும் விளையாட்டுச் சாமான்கள் மூட்டை மூட்டையாக நம் நாட்டுக்கு வந்து இறங்குகின்றன. ஜப்பானியப் பழம்பொருள் நிறுவனமான புக் ஆஃப், 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் 2016 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய கடைகளை நடத்திவருகிறது. மலாக்காவிலும் பண்டல் கடைகளையும் இணையச் சந்தையையும் பொறுமையோடு துழாவுகிறவர்களுக்குத் தண்டவாளத் துண்டுகள் அகப்படாமல் போகா. பிளாஸ்டிக் துண்டு சோப்புத் தண்ணீரில் கழுவினால் புதிதாகிவிடும். இஞ்சினை மட்டும் பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கவேண்டும். ஓடாத இஞ்சினையும், சக்கரம் சுழன்றால், மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம், ஏனெனில் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் கையால் தள்ளியே ஆனந்தப்படுகிறார்கள்.

மலிவைத் தேடுகையில் பத்திரத்தை மறந்துவிடக் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்கள் பாதுகாப்புத் தரத்தை நிறைவேற்றியாக வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதற்கு அடையாளமாகப் பெட்டியில் எம்.சி. முத்திரை இருக்கவேண்டும். முத்திரை இல்லாத பொம்மையில் விளக்கெரிவதற்கும் ஓசை எழுவதற்கும் வைத்திருக்கும் பொத்தான் பேட்டரி, மூடி கழன்று குழந்தையின் தொண்டைக்குள் போய்விட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக் கூடியது. மர ரயிலின் பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் காந்தம் பெயர்ந்திருந்தாலும் அப்படியே. இரண்டு காந்தங்களை விழுங்கிய குழந்தையின் குடலில் அவை ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட சதையைத் துளைத்துவிடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி உண்டா, காந்தம் அசைகிறதா என்னும் இரண்டு பரீட்சைகளை, பத்து வெள்ளிப் பொம்மையானாலும் இருநூறு வெள்ளிப் பொம்மையானாலும், செய்தே தீரவேண்டும்.

வாங்குவதற்கு வசதியே இல்லாத வீட்டிலும் ரயில் உண்டு. கித்தாத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு, காலியான பால் டின்னும் தீப்பெட்டியும் எப்படி வண்டியாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றும் நான்கு சிறிய அட்டைப் பெட்டிகளை நூலால் கோத்து, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக வைத்து, சாத்தே குச்சியின் கூர்முனையை நறுக்கிவிட்டு அச்சாகச் செருகினால் வண்டி ஆயிற்று. சுவருக்கு வண்ணம் பூசும்போது பயன்படும் ஒட்டுத்தாள் சுருள் ஒன்றை வாங்கிச் சிமெண்டுத் தரையில் இரண்டு கோடாக ஒட்டிக்கொண்டே போனால், கூடத்திலிருந்து சமையற்கட்டு வரையில் பாதை ஆயிற்று. இதை ஏழைமையின் அடையாளமாக நினைப்பவர்கள் ஒரு சரித்திரத்தை அறியவேண்டும். உலகமெங்கும் குழந்தைகள் கொஞ்சும் தாமஸ் என்ற ரயில் இஞ்சின், இங்கிலாந்துப் பாதிரியார் டபிள்யூ. ஆட்ரி, சாமான் தட்டுப்பாடு மிகுந்த யுத்தகாலத்தில், தம் மகன் கிறிஸ்டோபருக்காகத் துடைப்பக் கட்டையிலிருந்து செய்த பொம்மையாகப் பிறந்தது. அவருடைய கதைகளின் முதல் புத்தகம் 1945-இலும், தாமஸின் புத்தகம் 1946-இலும் வெளிவந்தன. மலாக்காவின் தண்டவாளம் பெயர்க்கப்பட்ட அதே யுத்தத்தின் நடுவில்தான், ஒரு தகப்பன் கையிலகப்பட்ட கட்டையைக் கொண்டு மகனுக்கு ரயில் செய்தான் என்பதை நினைக்கையில், தகப்பனின் கைவேலைக்கு எவ்வளவு மதிப்பு உண்டென்பது விளங்கும்.

பொம்மையோடு கூட மெய்யான ரயிலையும் குழந்தைக்குக் காட்டவேண்டும். பத்து பெரண்டாமிலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பிரயாணத்தில் புலாவ் செபாங்–தம்பின் நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து புறப்படும் கொம்யூட்டர் ரயில் சிரம்பான், கோலாலம்பூர் வழியாகப் பத்துமலை அடிவாரத்திலேயே கொண்டுபோய் இறக்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறையேனும் முருகனைத் தரிசிக்கப் போகும் குடும்பம், காரை நிலையத்தில் விட்டுவிட்டு ரயிலில் போகுமானால், தரிசனமும் ஆயிற்று, குழந்தைக்குச் சில மணி நேர ஆனந்தமும் ஆயிற்று. அந்தப் பிரயாணத்துக்குப் பிறகு வீட்டுத் தரையில் எழும்பும் நிலையங்களுக்குக் குழந்தையே பெயர் வைக்கத் தொடங்கும்.

இவை அனைத்தும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்யக்கூடியவை. இதற்கு மேலும் ஒரு படி ஏறவேண்டும் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. புத்தகத்துக்கு நூலகம் இருப்பதைப் போலப் பொம்மைக்கும் நூலகம் இருக்கலாம். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் மக்களை வாட்டிக்கொண்டிருந்த 1935-ஆம் ஆண்டிலேயே, லாஸ் ஏஞ்சலஸில் ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மைகளை இரவல் கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. நம் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, பாலர் பள்ளியோ, ஆலய நிர்வாகமோ மனம் வைத்தால், இங்கும் அது சாத்தியமே. இருபது குடும்பங்கள் தலைக்குப் பத்து வெள்ளி கொடுத்தால் இருநூறு வெள்ளி சேரும். அதைக் கொண்டு இரண்டாம் கைத் தண்டவாளம் கணிசமாக வாங்கலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளின் பரணில் தூசு படிந்து கிடக்கும் ரயில் பெட்டிகளும் வந்து சேரும். துண்டுகளை எண்ணி, மூடியுள்ள பெட்டிகளில் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று மூடியில் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றுக்கு விடலாம். தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் மின்னணுச் சாதனங்களோடு பழகி ஓய்வுபெற்ற டெக்னீசியன்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நின்றுபோன இஞ்சினை ஓடவைப்பது அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது வேலை. துண்டுகள் தொலையுமே, உடையுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தொலையத்தான் செய்யும். புத்தகங்களும் கிழிகின்றன, அதற்காக எந்த ஊரிலும் நூலகத்தை மூடிவிடவில்லை.

ஒரு பெட்டி ரயிலை ஒரு குழந்தைக்கு வாங்கித் தர இயலாத குடும்பம், பத்தொன்பது குடும்பங்களோடு சேர்ந்து இருபது குழந்தைகளுக்கு வாங்கித் தர இயலும். தோட்டத்தில் ஒரே லயத்து வாசலில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடிய காலம் போய், தாமான்களில் கதவை அடைத்துக்கொண்டு அவரவர் பிள்ளை அவரவர் வீட்டில் என்று ஆகிவிட்ட இக்காலத்தில், அந்தப் பழைய பகிர்வை மறுபடி தொடங்குவதற்கு இது ஒரு நல்ல சந்தர்ப்பம். வருகிற பள்ளி விடுமுறைக்குள் மலாக்காவில் ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளி இந்த முயற்சியைத் தொடங்கட்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தாமும் தொடங்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.