யார் பக்கம் என்று கேட்காதிருப்போம்

வயிற்றுவலி என்று எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளுள் சிலருக்குப் பரிசோதனைகளில் எந்தக் குறையும் தென்படுவதில்லை. ஸ்கேன் சரியாக இருக்கும். இரத்தமும் சிறுநீரும் சரியாக இருக்கும். ஆனால் வலி மட்டும் மீண்டும் மீண்டும் வரும். பொறுமையாகப் பேசும்போது, தாயும் தந்தையும் சில மாதங்களாகப் பிரிந்து வாழ்கிறார்கள் என்பது கடைசியில் தெரியவரும். அந்த வலி பொய்யன்று, நடிப்புமன்று. வாயால் சொல்லத் தெரியாத கலக்கத்தைக் குழந்தையின் உடல் சொல்லுகிறது. என்றோ நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவதும், உறக்கம் கெடுவதும், படிப்பில் கவனம் சிதறுவதும் சில வேளைகளில் இப்படித்தான்.

இத்தகைய குழந்தை கட்டிலில் படுத்திருக்கும்போதே, சுற்றி நிற்கும் உறவினர்கள் பிரிவுக்குக் காரணம் யார் என்று வழக்காடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். எங்களிடமும் தவறு உண்டு. குழந்தையை அழைத்துவந்தவர் சொல்வதை மட்டும் கேட்டு, வராதவர் பொறுப்பற்றவர் என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருக்கிறோம். மருத்துவருக்கு அந்தத் தீர்ப்பு தேவையில்லை. இந்தக் குழந்தைக்கு இன்று என்ன வேண்டும் என்பதே எங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். குடும்பத்தாரின் கேள்வியும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இது வெறும் அறிவுரையன்று, உயிரோடு தொடர்புடையது. வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒரு குழந்தை வார இறுதியில் மற்றொரு வீட்டுக்குச் செல்கிறது. மருந்துப் புட்டி முதல் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. தொலைபேசியில் கேட்க ஒருவருக்கு மனமில்லை. சொல்ல மற்றவருக்கு மனமில்லை. வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் வலிப்பு மீண்டும் வரக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் விரைவில் நேரும். பெரியவர்களின் மௌனத்துக்கு விலை கொடுப்பது குழந்தையே.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் தெளிவுபடுத்தியது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. பிரிந்து வாழும் தாய், தந்தை இருவரோடும் தொடர்பு வைத்திருப்பது குழந்தையின் உரிமை என்கிறது அது. அந்தத் தொடர்பு குழந்தையின் நலனுக்கே கேடாக இருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே அடி, மிரட்டல், தகாத தொடுதல் போன்றவை உள்ள இடத்தில் பாதுகாப்பே முதன்மை. அங்கே நாங்கள் சமரசம் பேச மாட்டோம். 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி எப்போதும் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

மற்றக் குடும்பங்களிடம் சிலவற்றை வேண்டுகிறோம். மருந்து, அளவு, நேரம், அடுத்த வருகை நாள் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதி, குழந்தையின் பையிலேயே வையுங்கள். மருந்துச் சீட்டின் படம் இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். பணம், வழக்கு, வசை எதையும் குழந்தையின் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். நீதிமன்ற ஆணை இருந்தால் எங்களுக்குக் காட்டுங்கள்; ஆணை தடுக்காத வரையில் இருவருக்கும் நோயின் நிலையைத் தனித்தனியே சொல்வது எங்கள் கடமை. தாத்தா பாட்டியரே, "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் மற்றவருக்குத் துரோகம் செய்ததாகவே குழந்தை எண்ணும். சிறு குழந்தைகள், தாம் செய்த குறும்பினால்தான் பெற்றோர் பிரிந்தார்கள் என்றுகூட நம்பிவிடுவதுண்டு. "இது உன்னால் நேரவில்லை" என்று இருவரும் சொல்ல வேண்டும். ஒருமுறை அன்று, பலமுறை.

நம் ஊரில் கோர்வைச் சேலை நெய்வதற்குத் தறியில் இருவர் வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஒருவர் நெய்ய, மற்றவர் மறுபக்கத்துக் கரைக்கு நாடா தள்ள வேண்டும். அவர்களுக்குள் மனத்தாங்கல் இருக்கலாம். அன்று முழுதும் பேசாமலும் இருக்கலாம். ஆயினும் நாடா தவறாமல் போய் வந்தால்தான் உடலும் கரையும் சேரும். கணவன் மனைவி என்ற உறவு முடிந்த பின்னும் தாயும் தந்தையுமாக இருக்கும் வேலை முடிவதில்லை. அந்த வேலையில் இருவருக்கும் துணை நிற்கவே நாங்கள் இருக்கிறோம். அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டை மறவாமல் கொண்டுவாருங்கள்.