ஒன்றரை டப்பா குளிர்ச்சி

வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டால் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வேன் கிடைப்பது குதிரைக் கொம்புதான். பக்கத்திலேயே திருவந்திபுரம், அங்கே ஒரே நாளில் எத்தனையோ கல்யாணங்கள். பாட்டி, பட்டுப் புடவை, சீர்த் தட்டு, பால் புட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புகிறது. கத்திரி வெயில் ஒரு பக்கம், கடற்கரைப் புழுக்கம் ஒரு பக்கம். "ஏ.ஸி.யைப் போடுங்களேன், அண்ணே!" என்கிறாள் பெண்ணின் தாயார். "போட்டுத்தாம்மா இருக்கு" என்கிறார் டிரைவர். பின் ஸீட்டில் பாட்டி விசிறியைத் தேடுகிறாள்.

முகூர்த்தம் முடிந்த கையோடு வண்டி பட்டறைக்குப் போகிறது. "காஸ் கம்மியா இருக்கு, ஒரு டப்பா ஏத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். வண்டிக்காரருக்கோ மூன்று நாளில் அடுத்த முகூர்த்தம். "நல்லா ஜில்லுனு இருக்கணும் தம்பி, ஒன்றரை டப்பாவா அடிச்சிடு!" என்கிறார். நேயர்களே, இந்த ஒன்றரை டப்பாவைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சமாசாரம். ஏ.ஸி. காஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்ந்து போகிற வஸ்து அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. கம்ப்ரெஸர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது உஷ்ணத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் உஷ்ணத்தை உறிஞ்சிக் கொள்கிறது. பல வருஷங்களில் துளித் துளியாகக் குறைவது சகஜம். ஒரே கோடையில் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். உப்புக் காற்று வீசும் ஊரில் கண்டென்ஸர் அரிப்பதற்குக் கேட்கவா வேண்டும்? பின் ஸீட்டுக்கும் தனிக் கூலிங் காயில் உள்ள வேன்களில் குழாய் நீளம்; இணைப்புகளும் அதிகம். கசிவை அடைக்காமல் காஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற கதைதான்.

சரி, அடைத்தாயிற்று. எவ்வளவு ஏற்றுவது? "கேஜ் சொல்லாதா?" என்பீர்கள். இதற்குப் பதில் உங்கள் சமையலறையில் இருக்கிறது. சிலிண்டர் முழுசாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதானே எரிகிறது? அதனால்தான் நம் வீட்டுப் பெண்மணிகள் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் உஷ்ணத்தைப் பொறுத்ததே தவிர, அளவைப் பொறுத்ததல்ல. ஏ.ஸி. காஸும் இதே ஜாதி. இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஆர்-134ஏ. நிறுத்தி வைத்த வண்டியில், 30 டிகிரி வெப்பத்தில், அது காட்டும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 97 பவுண்டு. உள்ளே 400 கிராம் இருந்தாலும் அதுதான், 900 கிராம் இருந்தாலும் அதுதான்! எஞ்சின் ஓடும்போதோ வெயிலுக்கும் விசிறிக்கும் தகுந்தபடி முள் ஆடும். கோளாறைக் கண்டுபிடிக்கக் கேஜ் வேண்டும். அளப்பதற்குத் தராசுதான் வேண்டும்.

காஸ் அதிகமானால் குளிர்ச்சியும் அதிகமாகும் என்ற எண்ணம் எப்படித்தான் வந்ததோ! உண்மையில், மிஞ்சிய காஸ் திரவமாகக் கண்டென்ஸரில் தேங்கி இடத்தை அடைத்துக் கொள்கிறது. உஷ்ணத்தைக் கொட்ட இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது, குளிர்ச்சி குறைகிறது, எஞ்சினுக்குப் பாரம். திரவம் கம்ப்ரெஸருக்குள்ளேயே புகுந்துவிட்டால் வால்வு உடையும். காஸ் குறைந்தாலும் ஆபத்துதான். கம்ப்ரெஸருக்கு வேண்டிய எண்ணெய் அந்தக் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. காஸ் போதாவிட்டால் எண்ணெயும் திரும்பி வராது. கம்ப்ரெஸர் காய்ந்து தேய்ந்து போகும். அதை மாற்றுகிற செலவு சொந்தமாய் ஒரே வண்டி வைத்து ஓட்டுகிறவருக்குப் பல முகூர்த்தங்களின் வரும்படி. டப்பாக் கணக்கு மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?

முறை இதுதான்: உள்ளே இருக்கும் பழைய காஸை யந்திரத்தால் இழுத்துச் சிலிண்டரில் சேர்க்க வேண்டும். பிறகு வாக்குவம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். காற்று போவதோடு, ஈரமும் ஆவியாகி வெளியேறும். நம் கடலோரத்தில் இது மிக முக்கியம். பம்ப்பை நிறுத்திய பின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சிலிண்டரைத் தராசில் வைத்து, எடை குறைவதைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். நகைக் கடையில் மில்லிகிராமுக்குச் சண்டை போடுகிற நாம் இங்கே மட்டும் ஏன் கண் திட்டத்துக்குச் சம்மதிக்கிறோமோ, தெரியவில்லை.

பழைய காஸைத் திறந்து காற்றில் விடுகிற வழக்கமும் உண்டு. முன்பு இருந்த ஆர்-12 ஓஸோன் படலத்தை அரித்ததால் 1987-ஆம் ஆண்டு மான்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி உலகமே அதைக் கைவிட்டது. ஆர்-134ஏ ஓஸோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருஷக் கணக்கில், சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். கத்திரி வெயில் நமக்கு இப்போதே போதாதா?

எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. சிறிய காருக்கு அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். பின்பக்கக் கூலிங் காயில் உள்ள வேனுக்கு ஒரு கிலோவை எட்டுவதும் உண்டு. ஒரே மாடல் வேனில் பின் ஏ.ஸி. உள்ளதற்கு ஓர் அளவு, இல்லாததற்கு வேறு அளவு. காஸின் பெயரும் அதிலேயே இருக்கும். ஆர்-1234ஒய்எஃப் என்று போட்டிருந்தால் ஆர்-134ஏ டப்பாவைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் கம்பெனி புத்தகத்தைப் பாருங்கள். எடுத்தது இத்தனை கிராம், ஏற்றியது இத்தனை கிராம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் காஸ் குறைந்தால், எவ்வளவு கசிந்தது என்று அந்தச் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.