பீப் ஒலிக்கு முன்னால்...

நம் ஆண்டு மலரில் கவிதைக்கும் காதலுக்கும் ‘அரியர்’ சோகத்துக்கும் எப்போதும் இடம் உண்டு. இந்த வருடம் ஒரு சின்ன விஷயத்துக்காக நான் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு கடைக்கு போன் செய்கிறோம். யாரும் எடுக்கவில்லை. அப்போது பதிவு செய்து வைத்த ஒரு குரல் பேசுகிறதே, அதைப் பற்றித்தான்! “இதெல்லாம் ஒரு சப்ஜெக்டாடா?” என்று என் ரூம்மேட்டே சிரித்தான். சிரிக்கட்டும். அந்தக் குரல் சரியில்லாததால் ஒரு விவசாயியின் வாழை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றது. குரல் என்னுடையது.

சென்ற கோடை விடுமுறையில் கோவைப் பக்கம் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். சப்மெர்சிபிள், மோனோபிளாக் என்று தினமும் எரிந்த மோட்டார்கள் வந்து இறங்கும். கடை நம்பருக்கு வாய்ஸ்மெயில் வசதி எடுத்திருந்தார்கள். யாரும் எடுக்காவிட்டால் பதிவுக் குரல் ஓடும், பிறகு ‘பீப்’, அதன்பின் பேசுவது பதிவாகி முதலாளியின் செல்லுக்கு வரும். “தம்பி, நீங்க படிச்ச பையன். நல்லா டீசன்ட்டா ஒண்ணு பேசிக் குடுங்க” என்றார் முதலாளி. விடுவேனா? ஆங்கிலத்தில், கொஞ்சம் மூக்கால், ‘யுவர் கால் இஸ் வெரி இம்பார்ட்டன்ட் டு அஸ்’ என்று ஆரம்பித்து நாற்பது விநாடி! பின்னணியில் புல்லாங்குழல் வேறு. கேட்டுவிட்டு முதலாளி பூரித்துப் போனார். எனக்கோ விமான நிலையத்தில் வேலை கிடைத்த மாதிரி ஒரு மிதப்பு.

திங்கட்கிழமை காலை ஒரு பெரியவர் வந்தார். மோட்டாரைக் கொண்டு வரவில்லை, கோபத்தை மட்டும் கொண்டு வந்தார். “ஏனுங்க, சனிக்கிழமை ராத்திரி மோட்டார் எரிஞ்சு போச்சுங்க. மூணு தடவை போன் போட்டேன். எவனோ ஒரு பையன் இங்கிலீசுல பேசறான், பாட்டு ஓடுது. ஏதோ வெளம்பரம்னு கட் பண்ணிப் போட்டேனுங்க.” ஞாயிறு கடை விடுமுறை. ஆனால் வாட்ச்மேன் இருப்பார், எந்த நேரத்தில் மோட்டாரை இறக்கினாலும் வாங்கி வைப்பார். அவசரத்துக்கு இரவல் கொடுக்க ஒரு மோட்டார்கூட உண்டு. என் நாற்பது விநாடியில் இது ஒன்றுமே இல்லை! முதலாளி பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “மாத்திப் போடுங்க தம்பி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். ஆளில்லாத நேரத்தில் தொலைபேசிச் செய்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் 1898-லேயே எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதிவு செய்யும் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். இன்றைய வாய்ஸ்மெயிலுக்கு வழி போட்ட அமெரிக்கர் கார்டன் மேத்யூஸ், 1983-ல் காப்புரிமை பெற்றவர். அவருடைய முதல் வணிக அமைப்பில் வரவேற்பைப் பேசிப் பதிவு செய்தது யார் தெரியுமா? அவர் மனைவி! இதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. நம் பட்டறையில் கணக்குப் பார்ப்பது முதலாளியம்மா. சுற்று வட்டாரத் தோட்டத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் பழகிய குரல். நான் எதற்கு நடுவில்?

பின்னணி இசையையும் முதல் வேலையாகத் தூக்கினேன். நம் இ.சி.இ. நண்பர்களுக்கு இது பாடம்தான். பழைய தொலைபேசிப் பாதை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ஸ்’, ‘ஃப்’ ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் எஸ்ஸும் எஃப்பும் ஒன்று போலக் கேட்கின்றன. வோல்ட்டி வந்த பிறகு 7000 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்றாலும், இரண்டு முனையிலும் அந்த வசதி வேண்டும். செல்போனில் குரலைச் சுருக்கும் முறைகளும் மனிதப் பேச்சுக்காகவே வடிவமைத்தவை. அதற்குள் புல்லாங்குழலை விட்டால் தண்ணீர்க் குடத்துக்குள் ஊதின மாதிரி வரும். லேத் ஓடும் இடத்தில் பேசினாலும் இதே கதிதான். ஆகவே லேத்தை நிறுத்தி, வீட்டுக்குள் கட்டில் மெத்தைக்குப் பக்கத்தில் நின்று பதிவு செய்தோம். மூன்றாவது டேக்கில் ஓகே!

“வணக்கமுங்க, மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. இப்போ போன் எடுக்க ஆள் இல்லீங்க. மோட்டார் எரிஞ்சிருந்தா எந்நேரமும் கொண்டாந்து வாட்ச்மேன்கிட்ட இறக்கலாம், இரவல் மோட்டாரும் கேளுங்க. காலைல ஒம்பதுல இருந்து ராத்திரி ஏழு வரைக்கும் கடை, ஞாயிறு லீவு. பீப் சத்தம் கேட்டதும் பேரு, ஊரு, எத்தனை எச்.பி.னு சொல்லி, போன் நம்பரை மெதுவா ரெண்டு தடவை சொல்லுங்க. கடை தெறந்த அரை மணி நேரத்துல நாங்களே கூப்பிடறோம்.”

கடையின் பெயரை மட்டும் இங்கே விட்டிருக்கிறேன். ‘நம்பர்தான் செல்லில் விழுமே?’ என்று கேட்பீர்கள். தோட்டத்தில் பாதிப் பேர் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செல்லில்தான் கூப்பிடுகிறார்கள் ஐயா! எரிந்த மோட்டாரை முன்னால் போட்டு, கடை நேரத்தைப் பின்னால் தள்ளியதற்கும் காரணம் உண்டு. பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர் பத்து விநாடிக்கு மேல் மெஷின் பேச்சைக் கேட்க மாட்டார்.

‘உடனே தொடர்பு கொள்வோம்’ என்று சொல்லலாமே என்றார் முதலாளி. நான் பிடிவாதமாக மறுத்தேன். உடனே என்றால் எப்போது? அரை மணி என்று சொன்னால் சொன்னபடி கூப்பிட்டாக வேண்டும், அதனால்தான் பலர் சொல்வதில்லை. இன்னொரு கடையில் தீபாவளி விடுமுறை அறிவிப்பு பொங்கல் வரை ஓடியதை என் காதால் கேட்டிருக்கிறேன். காலர் ட்யூனில் காதல் பாட்டு வைத்திருக்கும் கடைக்காரர்களைப் பற்றி எழுதினால் மலர் பத்தாது. 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் ‘கடையில் ஆள் இல்லை’ என்ற தானியங்கிப் பதிலை வைக்கலாம். அதிலும் நம் ஆட்கள் வைப்பது ஆங்கில வாழ்த்தும் நாலு ரோஜாப்பூவும்தான்.

மெஷினிடம் நம் ஜனங்கள் பேசவே மாட்டார்கள் என்று முதலாளி சந்தேகப்பட்டார். பாதி உண்மை. முதல் வாரம் நிறையப் பேர் பீப் கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் மூன்று மோட்டார் இறங்கியிருந்தது. பிறகு ஒரு பாட்டியம்மாவின் குரல் பதிவாகியிருந்தது. பேரு, ஊரு, அஞ்சு எச்.பி., நம்பர் இரண்டு தடவை, எல்லாம் சொன்னபடியே சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, “சாப்டாச்சா அம்மணி?” என்று கேட்டிருந்தார். காலையில் கூப்பிட்டபோது முதலாளியம்மா மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதற்குத்தான் பதில் சொன்னார்.