மரதன் ஓட்டமும் இயற்கையழகு என்னும் மாயையும்

தேசியப் பூங்காவில் மரதன் ஓட்டமா, அமைதி குடிகொள்ள வேண்டிய மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஓடுவது இயற்கையை அவமதிப்பதாகாதா என வினவுவோர் ஒரு சாரார். மலையேறியும் இறங்கியும் ஓடுவது மரதன் ஆகுமா, அங்கு பெறப்படும் நேரத்திற்கு என்ன பெறுமதி என வினவுவோர் இன்னொரு சாரார். இவ்விரு சாராரினும் கூடிய தீங்கு விளைப்போர் மூன்றாவது சாரார். இவர்கள் ஓட்டத்தை ஆதரிப்போர். ஆதரிப்பதற்கு இவர்கள் காட்டும் ஒரே காரணம் அது கண்கொள்ளாக் காட்சி என்பது. தம்முள் முரண்பட்டோர் போலத் தோன்றினும் இம்மூவரும் ஒரே அத்திவாரத்தின் மீதே நிற்கின்றனர். மலை என்பது வெளியிலிருந்து வருவோர் பார்ப்பதற்கும் அளப்பதற்கும் உரிய பொருள். அங்கு வாழ்வோர் அப்பொருளின் ஒரு பகுதி, அல்லது அதற்கோர் இடையூறு. இதுவே அவர்தம் எண்ணம். வேல்ஸ் நாட்டின் வடமேற்கிலே, ஸ்னோடோனியா என ஆங்கிலேயரால் வழங்கப்பட்ட தேசியப் பூங்காவினூடாக ஆண்டுதோறும் நடைபெறும் மரதனை முன்வைத்து அவ்வெண்ணத்தை மறுக்க முற்படுகின்றேன்.

ஓட்டத்தின் பாதையை முதற்கண் நோக்குவோம். 1982இல் தொடங்கப்பெற்ற இவ்வோட்டம், ஒக்டோபர் மாதக் கடைசியில், மழையும் காற்றும் மிகுந்த பருவத்தில் நடைபெறுவது. லான்பெரிஸ் என்னும் சிற்றூரையடுத்துத் தொடங்கி, இருமருங்கும் பாறைகள் நெருங்கி நிற்கும் கணவாயினூடே ஏறி, 359 மீற்றர் உயரத்திலுள்ள பென்-இ-பாஸ் என்னுமிடத்தை அடைகின்றது. அங்கிருந்து நன்ட் குவினன்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறத்தாழ நடுத்தூரத்தில் பெத்கெலெர்ட் என்னும் ஊரைக் கடந்து, மீண்டும் ஏறி வைன்வவர் என்னும் ஊர்வரை செல்கின்றது. முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் களைத்த கால்களுக்கு அதற்கப்பாலும் ஒரு மலை காத்திருக்கின்றது. தார் வீதியை விட்டுக் கரடுமுரடான பாதையில் அதனை ஏறி, மறுபுறம் செங்குத்தாக இறங்கினாலன்றி லான்பெரிஸை மீண்டும் காணவியலாது. 1,085 மீற்றர் உயரமுடைய, வேல்ஸின் மிகவுயர்ந்த சிகரத்தை ஓட்டக்காரர் இவ்வாறு ஒருமுறை சுற்றி வந்துவிடுகின்றனர். சிகரம் அவர்தம் வலக்கைப் புறத்திலேயே இருப்பதால், நம்மவர் கருத்தின்படியே அது வலம் வருதல்தான்.

நமது நாட்டிலே தேசியப் பூங்கா எனின் யால நினைவுக்கு வரும். 1938இல் பிரகடனம் செய்யப்பட்ட அக்காடு அரசுக்குரியது, அனுமதியின்றி நுழையலாகாது, அங்கு குடியிருப்போர் இலர். பிரித்தானியத் தேசியப் பூங்கா முற்றிலும் வேறானது. அங்கு நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ஆடு வளர்ப்போரும் ஆசிரியரும் கடைக்காரரும் பூங்காவினுள்ளேயே வாழ்கின்றனர். நாம் கருதும் பூங்காவில் இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் வேல்ஸ் மொழி பேசுவோர். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது எழுப்பப்படும் ஆட்சேபங்கள் யாவும் ஆளில்லாக் காடொன்றைக் கற்பனை செய்துகொண்டு எழுப்பப்படுவனவே.

நேரத்தின் பெறுமதி பற்றிப் பேசுவோருக்கு விரிவான விடை வேண்டியதில்லை. சாதனைக்குரிய பாதை பற்றிய சர்வதேச விதி, தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே பாதை எவ்வளவு இறங்கலாம் என்பதற்கே வரம்பு விதிக்கின்றது: கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர். எவ்வளவு ஏறலாம் என்பதற்கு எவ்வித வரம்பும் இல்லை. மரதனின் தூரமும் கிரேக்கத்திலிருந்து தூய்மை கெடாது வந்த ஒன்றன்று. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் வின்ட்சர் மாளிகையிலிருந்து விளையாட்டரங்கின் அரச மேடைவரை ஓடப்பட்ட தூரமே 42.195 கிலோமீற்றர், 1921இல் அது நிலையான தூரமாக்கப்பட்டது. அரண்மனையார் வசதிக்கேற்ப அமைந்த தூரத்தைப் புனிதமென ஏற்பவர், மலையின் போக்கிற்கேற்ப அமைந்த பாதையை மட்டும் இழிந்ததெனக் கொள்வது விந்தையே.

இனி, புனிதம் பேசுவோரிடம் வருவோம். பிரித்தானியாவில் தேசியப் பூங்காக்கள் அமைதி விரும்பிய கனவான்களின் கொடை அல்ல. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மஞ்செஸ்ரர் முதலிய நகரங்களின் உழைக்கும் இளைஞர் நூற்றுக்கணக்கில் திரண்டு, நிலப்பிரபுக்கள் வேட்டைப் பறவைகளுக்கென அடைத்து வைத்திருந்த கின்டர் ஸ்கௌற் மேட்டுநிலத்தில் அத்துமீறி நுழைந்தனர். அவருட் சிலர் சிறை சென்றனர். அத்தகைய போராட்டங்களின் பின்னரே 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951இல் நாம் கருதும் பூங்காவும் பிறந்தது. சட்டத்தின் பெயரிலேயே நாட்டுப்புறத்திற்குள் செல்லும் உரிமை குறிக்கப்பட்டுள்ளது. கூட்டமாகச் சென்றமையாலேயே திறக்கப்பட்ட நிலத்தில் கூட்டம் கூடலாகாது என்பது வரலாறு அறியாதார் கூற்று. நிலத்தைப் பேணுதலும் மக்கள் துய்த்தலும் முரண்படுமாயின் பேணுதலே முதன்மை பெறும் என்ற கோட்பாடு 1974ஆம் ஆண்டின் சான்ட்போர்ட் அறிக்கையிலிருந்து வருவது. 1995இல் அது சட்டமாயிற்று. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், ஆண்டில் ஒரு நாள், பெரும்பகுதி தார் வீதியிலேயே ஓடுவோரால் மலைக்கு என்ன கேடு நேர்ந்தது? அச்சிகரத்தில் ஆண்டொன்றிற்கு ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஏறுகின்றனரே; அதுபற்றியன்றோ முதலிற் பேச வேண்டும்?

உண்மையான அவமதிப்பு எது என்பதற்கு அப்பூங்காவின் வரலாற்றிலேயே விடை உண்டு. இலிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென, 1957இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. வேல்ஸ் உறுப்பினருட் பெரும்பான்மையினரது எதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை. 1965இல் கப்பெல் கெலின் என்னும் ஊர், தேவாலயமும் பாடசாலையும் இடுகாடும் உட்பட, நீரில் அமிழ்த்தப்பட்டது. முற்றிலும் வேல்ஸ் மொழியே வழங்கிய ஊர் அது. தேசியப் பூங்காவினுள்ளேதான் இது நிகழ்ந்தது. அதே ஆண்டில், அதே பூங்காவினுள், திரவுஸ்வனித் அணுமின் நிலையம் மின் உற்பத்தியைத் தொடங்கிற்று, 1991வரை இயங்கிற்று. பூங்கா என்னும் காப்பு ஓர் ஊரைக் காக்கவில்லை. அணு உலையைத் தடுக்கவில்லை. நகரசபை 2005இல் மன்னிப்புக் கோரியது உண்மை. எனினும் இன்று அந்நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கும் பிரயாணி அதனையும் அழகிய ஏரி என்றே வியக்கின்றான். அழகு என்னும் சொல் எதனை மறைக்கவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இச்சொல்லே மூன்றாம் சாராரின் மூலதனம். அவர்தம் பேச்சிலே இம்மரதன் ஏரி, அருவி, மூடுபனி, இலையுதிர்காலச் செம்மை ஆகியவற்றின் பட்டியலாகிவிடுகின்றது. ஆனால், ஓட்டம் தொடங்கி முடிகின்ற லான்பெரிஸ் பூங்காவின் எல்லைக்குள் இல்லை என்பதை அவர் நோக்குவதில்லை. 1951இல் எல்லை வகுத்தோர், சிலேற்றுக்கல் அகழ்ந்த ஊர்களை அழகற்றவை எனக் கருதி வெளியே தள்ளினர். பிளைனாய் பெஸ்தினியோக் என்னும் ஊரைச் சூழவுள்ள மலைகள் யாவும் பூங்கா. ஊர் மட்டும் நடுவிலே ஒரு துவாரம் போல எல்லைக்குப் புறம்பாக நிற்கின்றது. தேசப்படத்தில் இதனைக் காண்போர் நகைக்கவே செய்வர்.

லான்பெரிஸ் ஏரியின் மறுகரையில் மலையையே படிப்படியாக வெட்டி வைத்திருக்கும் டினோர்விக் அகழ்விடம், உலகின் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாய் விளங்கியது. உச்ச காலத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். நமது பாட்டன்மார் பாடசாலையில் எழுதிப் பழகிய சிலேற்றின் இனமே அக்கல். அங்கு அது பெரும்பாலும் கூரை வேய்வதற்கென வெட்டப்பட்டது. உழைத்தோர் மொழி வேல்ஸ்; உடைமையாளர் மொழி ஆங்கிலம். அண்டையிலுள்ள பென்றின் அகழ்விடத்தின் வரலாறு இன்னும் கசப்பானது. அதனை வளர்த்த ரிச்சர்ட் பெனன்ட், யமேக்காவில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடத்திய செல்வன். அடிமை வாணிப ஒழிப்பை எதிர்த்து வாதாடியவன். அங்கு 1900இல் தொடங்கிய தொழிலாளர் போராட்டம் 1903வரை நீடித்தது. தூசி நுரையீரலை அரித்தபோது, நோய்க்குக் காரணம் தூசியன்று, தொழிலாளர் மீண்டும் மீண்டும் காய்ச்சிக் குடித்த தேநீரே என உரைத்த அகழ்விட மருத்துவரும் இருந்தனர். அந்நோய்க்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1979இலேதான் வந்தது. டினோர்விக் மூடப்பட்டதோ 1969இல். எனினும் இவர்கள் வெறும் துயரப் பிண்டங்களாய் வாழ்ந்தாரல்லர். கபன் எனப்பட்ட உணவுக் குடிசைகளிலே மதிய இடைவேளையில் இறையியல், அரசியல், யாப்பு என விவாதித்தனர். கவிதைப் போட்டி நடத்தினர். நமது தமிழ்ச் சங்கங்கள் பலவற்றிற்கு அக்குடிசைகளில் கற்க வேண்டியது உண்டு.

2021இல் யுனெஸ்கோ நிறுவனம் அச்சிலேற்று நிலக்காட்சியை உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்ட அதே கற்குவியல்கள்! உழைப்பு உயிரோடிருந்தபோது அது அசிங்கம். உழைப்பு இறந்தபின் அது மரபுரிமை. இத்தகைய அழகியலை வர்க்கப் பார்வையின்றி விளக்க முற்படுவோர் விளக்கட்டும்.

பிரயாணிகளுக்கென அழகும் பழமையும் ஆக்கப்படுவது புதிதன்று. ஓட்டக்காரர் கடந்து செல்லும் பெத்கெலெர்ட்டில் ஒரு நாயின் கல்லறை உண்டு. குழந்தையைக் காத்த தன் வேட்டைநாயைத் தவறாக ஐயுற்றுக் கொன்ற இளவரசனின் கதை அங்கு கூறப்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடுதி நடத்திய ஒருவரே வருவோரைக் கவர அக்கல்லறையை அமைத்தார் என்பர். கதையோ நமக்குப் பழக்கமானது. பஞ்சதந்திரத்துக் கீரிப்பிள்ளையின் கதைதான் அது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே, கீரியைக் கொன்ற பார்ப்பனியின் துயரைக் கோவலன் தீர்த்த செய்தியாகவும் வருவது. கதைகள் நாடு விட்டு நாடு செல்வது இயல்பு. கதைக்கு ஒரு கல்லறை கட்டிக் காசு பார்ப்பதே விடுதிக்காரர் வேலை.

பெயர் பற்றியும் ஒரு சொல். அம்மலைப் பிரதேசத்தின் பெயர் எரரி. சிகரத்தின் பெயர் அர் வித்வா. பின்னது புதைமேடு எனப் பொருள்படும். ரித்தா என்னும் அரக்கன் அங்கு புதையுண்டான் என்பது பழங்கதை. ஸ்னோடன் என்பது பனிமலை என்ற ஆங்கிலப் பொருளில் வெளியார் இட்ட பெயர். ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டுக் கோரியபின், 2022 நவம்பரில் பூங்கா அதிகாரசபை வேல்ஸ் பெயர்களையே வழங்கத் தீர்மானித்தது. உடனே, உச்சரிக்க இயலாத பெயரால் பிரயாணிகள் குழம்புவர் என்னும் முறைப்பாடு எழுந்தது. நாற்பத்திரண்டு கிலோமீற்றர் மலையில் ஓடவல்லவனுக்கு மூன்றெழுத்துப் பெயரை உச்சரிக்க நா எழாதாம்! ஓட்டம் இவ்விடயத்தில் முந்திக்கொண்டது. வேல்ஸ் மக்கள் அதனைத் தம் மொழியில் மரதன் எரரி என்றே அழைத்து வந்துள்ளனர். ஓட்டம் தொடங்கிய அதே 1982இலேயே வேல்ஸ் மொழித் தொலைக்காட்சியும் தோன்றியது. குவின்வோர் எவன்ஸ் என்னும் தலைவர் உண்ணாநோன்பிருப்பேன் என அறிவித்ததன் பின்னரே அரசு அதற்கு இணங்கியது. இம்மரதன் அத்தொலைக்காட்சியில் அம்மொழியிலேயே வருணிக்கப்பட்டு வந்துள்ளது. பெரிய உரிமைகளுக்குரிய மொழி விளையாட்டு வருணனைக்கும் உரியதாகும்போதே அது வாழும் மொழியாகின்றது.

இவற்றை நாம் ஏன் பேச வேண்டும் எனக் கேட்போர், நமது மலையகத்தின் சுற்றுலாச் சுவரொட்டிகளை ஒருமுறை உற்று நோக்குக. பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற தேயிலைச் சரிவும், அதனிடையே அணிகலன் போலக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் காணப்படுவர். அவள் திரும்பிச் செல்லும் லயம் படத்தில் இராது.

ஆகவே இம்மரதனை நான் ஆதரிப்பது காட்சிக்காக அன்று. எல்லை வகுத்தோர் பிரித்த இரண்டையும், பூங்காவையும் அகழ்விட ஊரையும், ஒரே சுற்றாக அது இணைக்கின்றது. அதனைக் காட்சிப் பிரியரிடம் விட்டுவிட்டால் இவ்விணைப்பே அற்றுப்போகும். காட்சியை நாடி வருவோர் ஓடிவிட்டுப் போவதோடு நில்லார். விடுமுறை வீடும் வாங்குவர். வீட்டு விலை உயர, அவ்வூர்ப் பிள்ளைகள் வெளியேறுவர்; 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மூவருள் ஏறத்தாழ இருவர் வேல்ஸ் பேசிய குவினெத் பிரதேசத்தில் அம்மொழியும் அவர்களோடு வெளியேறும். குடியிருப்பு வீட்டை விடுமுறை வீடாக மாற்றுவதற்கு அனுமதி பெற வேண்டுமென 2024 செப்டெம்பரிலிருந்து குவினெத் சபை விதித்தது இதனாலேயே. அவ்விதியைச் சொத்துரிமைமீதான தாக்குதல் எனக் கண்டிப்போருக்கும் கண்கொள்ளாக் காட்சியே ஆதாரம். ஓட்டத்தை அவ்வூராரே நடத்துக. பாதையின் பெயர்கள் யாவும் அவர் மொழியிலே அறிவிக்கப்படுக. வரும் பணம் அவ்வூரிலேயே தங்குக. மழையில் நனைந்து, வைன்வவரின் பின்னுள்ள கடைசி மலையை ஏறி இறங்குவோனுக்கு எதிரே தெரிவது ஏரிக்கப்பால் மூடப்பட்டுக் கிடக்கும் டினோர்விக்கின் படிகள். பூங்காவின் எல்லைக்கோடு அதற்கு முன்னரே நின்றுவிடுகின்றது.