ஃபைனல், ஃபைனல்-2, நிஜ ஃபைனல்

பி.காம். படித்தவனிடம் 'பிராஞ்ச்' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சோர்வு படரும். 'பிராஞ்ச் அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு பாடம் உண்டு. தலைமை ஆபீஸ் ஓர் ஊரில், கிளை வேறோர் ஊரில். இங்கிருந்து அனுப்பிய சரக்கு அங்கே போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ லாரியில் இருக்கிறது. அதற்கு ஒரு வரி எழுதாவிட்டால் கணக்கு ஏழு ஜென்மத்துக்கும் டேலி ஆகாது.

சாஃப்ட்வேர்காரர்களிடமும் பிராஞ்ச் உண்டு, அங்கேயும் வழியில் நிற்கும் சரக்குதான் தகராறு என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

ஒரு புரோகிராமில் பத்துப் பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் என்ன ஆகும்? கல்யாண சாம்பாரில் பத்துப் பேர் உப்புப் போட்ட கதைதான். அதனால் ஆளுக்கொரு கிளை பிரித்துக்கொண்டு தனியாகச் சமைத்து, ருசி சரியாக இருந்தால் 'மெயின்' என்கிற தாய்க் கிளையில் கலந்துவிடுவார்கள். இதற்கு மெர்ஜ் என்று பெயர். இந்த வேலைக்கு இன்று அநேகம் பேர் வைத்திருப்பது 'கிட்'. லினக்ஸைப் படைத்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. அதுவரை ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்த பிட்கீப்பர் கிடைக்காமல் போகவே, மனுஷர் தானே உட்கார்ந்து எழுதிவிட்டார்.

கிட்டில் ஒரு கிளை என்பது 40 எழுத்துள்ள ஓர் எண்ணை எழுதி வைத்த துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். வரி முடிவையும் சேர்த்து 41 பைட். பிரிக்கக் கண் சிமிட்டும் நேரம் போதும். காசில்லாமல் கிடைப்பதை யார் எண்ணிச் செலவழிக்கிறார்கள்? கலந்த பிறகு சீட்டைக் கிழித்துப் போட மட்டும் ஒருத்தருக்கும் கை வராது.

தூத்துக்குடி பாளையங்கோட்டை ரோட்டில், மாடியில், ஆறு பேர் கொண்ட ஒரு கம்பெனி. துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் விஷயமாக நான் போனபோது முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் 'ஃபைனல்' என்ற கிளையை எடுத்து நாலு நாள் வேலை பார்த்துவிட்டானாம். எடுத்திருக்க வேண்டியது 'நிஜ-ஃபைனல்'. (இரண்டுக்கும் நடுவில் 'ஃபைனல்-2' என்று ஒன்று.) எண்ணிப் பார்த்தால் மொத்தம் 143 கிளை. ஆறு பேருக்கு!

"மெயினைத் தவிர அம்புட்டையும் அழிச்சிரும்மா."

"இருங்க அண்ணாச்சி," என்றது அங்கே மூன்று வருஷமாக இருக்கும் பெண். "ஹார்பர்ல யாரும் எடுக்காத கண்டெயினரைக்கூட நோட்டீஸ் குடுக்காம ஏலம் விட மாட்டாங்கள்லா?"

நியாயம்தான். 1962-ம் வருஷத்து சுங்கச் சட்டம், 48-வது பிரிவு. இறக்கிய சரக்கை 30 நாளில் எடுக்காவிட்டால் விற்கலாம். ஆனால் இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும், சுங்க அதிகாரியின் அனுமதியும் வேண்டும். அழுகும் சரக்கென்றால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கும் முந்தைய வழக்கம் ஒன்று இந்தக் கடலிலேயே உண்டு. முத்துக்குளிப்பு அறிவிக்குமுன் சர்க்கார் ஆட்கள் 'பார் பார்க்க'ப் போவார்கள். கடலடியில் சிப்பி படுத்திருக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து, வயசென்ன, முத்தென்ன என்று பார்ப்பார்கள். இளசென்றால் தொட மாட்டார்கள். ரொம்ப முற்றவிட்டால் சிப்பி தானே செத்து முத்து மண்ணோடு போகும். கடைசியாகக் குளித்தது 1961-ல்.

அந்தப் பெண்ணும் பார் பார்க்க உட்கார்ந்தது. 'கிட் பிராஞ்ச் --மெர்ஜ்ட்' என்றால் சரக்கு முழுவதும் மெயினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட கிளைகள் வரிசையாக வரும். 91. இவற்றைச் சின்ன 'டி' போட்டு அழிக்கலாம். சரக்கு பாக்கியிருந்தால் சின்ன 'டி' அழிக்க மறுத்துவிடும். பெரிய 'டி' கேள்வியே கேட்காது. (எழுத்து பெரிசானால் தாட்சண்யம் போய்விடுகிறது. ஆபீசர்களிடமும் பார்த்திருக்கிறேன்.)

மீதி 52. இவற்றைக் கடைசியாகக் கை வைத்த தேதிப்படி அடுக்கியது. மூன்று மாசம் கை படாத கிளையை கிட்ஹப் 'ஸ்டேல்' என்கிறது. நம் வீட்டில் ஊசிப்போன சாம்பாருக்குச் சொல்கிற வார்த்தை. ஆனால் வயசை மட்டும் பார்த்து ஊசிவிட்டதென்று சொல்லக் கூடாதாம். சில கிளைகளில் இருந்த பத்து மாற்றங்களை ஒன்றாகக் கட்டி 'ஸ்குவாஷ்' செய்து மெயினில் சேர்த்திருப்பார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தும் கிட் இல்லையென்றே சாதிக்கும். இரண்டு கிளை பழைய வெர்ஷனுக்குரியவை. அதைத்தான் இன்னும் ஒரு கஸ்டமர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். தொட்டால் தீர்ந்தது.

மீதிக்கு எழுதியவர்களுக்கே வாட்ஸப்பில் நோட்டீஸ் போயிற்று. வேலையை விட்டுப் போனவர்களுக்கும்தான். "இது நான் எழுதினதா?" என்று ஒருத்தர் கேட்டார்.

அப்போதுதான் 'டெஸ்ட்-பொங்கல்' அகப்பட்டது. பதினான்கு மாசமாக யாரும் தொடாதது. பெயரைப் பார்த்தால் யாரும் அழித்திருப்பார்கள். உள்ளே இருந்ததோ கண்டெயினரின் இலவச நாள் கணக்கு! குறிப்பிட்ட நாளுக்குள் கண்டெயினரைத் திருப்பாவிட்டால் கப்பல் கம்பெனி தினமும் வாடகை தீட்டும். முதல் நாளை எண்ணுவதா கூடாதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இவர்கள் சாஃப்ட்வேர் எல்லோருக்கும் ஒரே மாதிரி எண்ணி, சிலருக்கு ஒரு நாள் தாமதமாக எச்சரித்துக்கொண்டிருந்தது. ஒருத்தன் அதைச் சரிசெய்து வைத்துவிட்டு, மெர்ஜ் ஆவதற்குள் வேலை மாறி கொச்சிக்குப் போய்விட்டான். கேட்டதற்கு ஐந்து நிமிஷத்தில் பதில்: "அக்கா, அது இன்னும் போகலியா?"

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை.

மெயின் அதற்குள் வெகுதூரம் போயிருந்ததால் கலந்து முடிக்க இரண்டு நாள். யாருக்கும் வேண்டாத கிளைகளுக்கு ஒரு டேக் கட்டி வைத்துவிட்டு அழித்தது. டேக் இருக்கும்வரை உள்ளே இருப்பது தொலையாது. டேக் இல்லாவிட்டாலும், வேலை பார்த்த கம்ப்யூட்டரில் 'ரெஃப்லாக்' என்ற குறிப்பேடு இருக்கிறது. அதைப் பிடித்து மீட்கலாம். எங்கும் ஒட்டாமல் அநாதையானவற்றுக்கு அதில் சாதாரணமாக எத்தனை நாள் கெடு தெரியுமா? இங்கேயும் 30!

போன வாரம் அவர்களுடைய கஸ்டமர் ஒருவரின் ஆபீசுக்குப் போயிருந்தேன். சுவரில் காலண்டர். கண்டெயினர் நம்பரும் சிவப்புப் பென்சில் கோடுமாக ஒரு பெரியவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டாங்களாமே, அண்ணாச்சி?"

"ஆமா தம்பி, சொன்னாங்க. சரியாத்தான் காட்டுது. ரெண்டு மாசம் பாத்துக்கிட்டு நிப்பாட்டுதேன்."